நெருப்புக்குப் போகாத அட்டை

லெமோனியாவின் கணவன் ஸ்ட்ராத்திஸ் எங்கள் தீவில் குப்பை வண்டி ஓட்டியவன். இருபத்தாறு வருடம் ஓட்டினான். ஊருக்கு வடக்கே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும் பள்ளத்தில் குப்பையைக் கொட்டுவான். சனிக்கிழமை பகலில் அதற்குத் தீ வைப்பான். சட்டப்படி அது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளம் நிறைந்துவிட்டால் வேறு எங்கே கொட்டுவது என்று ஒருவருக்கும் தெரியாததால் யாரும் கேட்கவில்லை. தெற்குக் காற்று என்றால் புகை மலைக்கு அந்தப் பக்கம் கடலுக்குப் போகும். வடக்குக் காற்று என்றால் நேராக ஊருக்குள் இறங்கும். காயப்போட்ட துணிகளை எடுத்து உள்ளே போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். அவ்வளவுதான்.

ஸ்ட்ராத்திஸ் நாலு வருடம் இருமினான். வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்தவன் இல்லை. ஏதென்ஸ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். சவப்பெட்டி வந்த கப்பலுக்கு ரசீது எழுதியவன் நான்தான். என் பெயர் யாக்கோவோஸ். துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் விற்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஜன்னல் வழியாக ஊரே தெரியும் என்பதால், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும்.

நாற்பதாம் நாள் பூசைக்குச் சர்ச்சில் வேகவைத்த கோதுமை கொடுத்தார்கள். வாங்கித் தின்றுவிட்டு எல்லோரும் போய்விட்டோம். அதன்பிறகு லெமோனியாவின் வீட்டுப் படியை யாரும் ஏறியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பிள்ளைகள் கிடையாது. அவள் கடலுக்கு அப்பால் உள்ள பெருநிலக் கரையிலிருந்து, வோலோஸ் துறைமுகத்துக்கும் அந்தப் பக்கம் கோதுமை வயல்களுக்கு நடுவிலிருந்து, கல்யாணமாகி வந்தவள். இத்தனை வருடம் ஆகியும் ஊரில் அவளுக்குக் 'கரைக்காரி' என்றுதான் பெயர். ஊராட்சியில் இரக்கப்பட்டுத் துறைமுகத்தைக் கூட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

ஒருநாள் காலையில் என் கடை வாசலைக் கூட்டியவள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"யாக்கோவோஸ், அந்தப் பழைய உப்புக் கிடங்குல ஒரு மெஷின் கிடக்குதே, அது யாருது?"

"ஊராட்சியோடதுக்கா. ஐரோப்பாப் பணத்துல வாங்கினாங்க. அட்டையை அமுக்கிக் கட்டா கட்டுமாம். மூணு வருஷமா உறைகூடப் பிரிக்கல."

"ஏன் பிரிக்கல?"

"பிரிச்சா யாராவது வேலை செய்யணுமே."

அவள் சிரிக்கவில்லை. "ஈரக் குப்பை தானா எரியாது, தெரியுமா? அவர் எப்பவும் அட்டைப் பெட்டியைத்தான் அடியில போடுவாரு. அது பத்திக்கிட்டாதான் மீன் முள்ளும் தக்காளித் தோலும் எரியும். அட்டை அங்க போகலேன்னா, நெருப்பு பிடிக்காது."

இவ்வளவுதான் அவள் யோசனை. யாரிடமும் போய்ப் புகையைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. தீ வைக்காதீர்கள் என்று கெஞ்சவும் இல்லை. தீ தின்பதை அதனிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

துணை மேயர் ஸானிஸ் கிடங்குச் சாவியைத் தொல்லை விட்டால் போதும் என்று கொடுத்தார். அன்று முதல் மதியத்தில் ஒரு தள்ளுவண்டியோடு கடை கடையாகப் போனாள். மளிகைக்கடை, மருந்துக்கடை, கோடையில் திறக்கும் விடுதிகள், சர்ச்சுக்கு மெழுகுவர்த்தி வந்த பெட்டி, எல்லாவற்றையும் மடக்கி, ஒட்டுநாடாவைக் கிழித்து, தட்டையாக அடுக்கி எடுத்துவந்தாள். எங்கள் சந்துகளில் முக்கால்வாசி படிக்கட்டு. வண்டியைப் பின்புறமாகத் திருப்பி ஒவ்வொரு படியாக இறக்குவாள். டக், டக், டக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டால் மணி ரெண்டு என்று ஊரில் சொல்லத் தொடங்கினார்கள்.

காபிக்கடையில் மீனவன் மாந்தோஸ் அவளைப் பார்த்தால் சும்மா விடமாட்டான்.

"என்னக்கா, இவ்வளவு பெட்டி சேக்குற? மறுபடி கல்யாணமா? சீதனமா?"

"உன் படகு ஓட்டைக்கு ஒட்டுப்போட ரெண்டு எடுத்து வச்சிருக்கேன் மாந்தோஸ். வந்து வாங்கிக்க."

கடையே சிரித்தது. அவள் அதற்குள் தெருக்கோடியைத் தாண்டியிருந்தாள். நின்று சேர்ந்து சிரித்திருந்தால் யாராவது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்கள். அவள் நிற்கவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

கட்டுகளைக் கரைக்குக் கொண்டுபோனவன் ஆர்கிரிஸ். செவ்வாய்க்கிழமைக் கப்பலில் மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரிக்காரன். திரும்பும்போது வண்டி காலியாகத்தான் போகும். "காத்தை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு உன் அட்டையை ஏத்திக்கிட்டுப் போறேன். பழைய அட்டை வாங்குற காகித ஆலை என் வழியிலதான் இருக்கு," என்றான். கப்பல் நிற்பது முப்பத்தைந்து நிமிடம். ஏற்றி முடிக்க இருபது. மீதிப் பதினைந்து நிமிடம் அவர்கள் இரண்டு பேரும் லாரியின் பின்கதவில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த பூசணிக்காய் அடையைச் சாப்பிடுவார்கள். பேசுவதெல்லாம் மழை, டீசல், அவன் மனைவியின் முட்டிவலி. வாரத்தில் மற்ற நாள் தலையில் துணி கட்டிக்கொண்டு வருபவள், செவ்வாய்க்கிழமை மட்டும் தலைவாரிப் பின்னி வருவாள். இதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளத்தில் தீ நின்றுபோனது. புதிதாக வந்த வண்டிக்காரன் இரண்டு முறை டீசல் ஊற்றிப் பார்த்தான். கொஞ்சம் புகைந்து அணைந்துவிட்டது. சலித்துப்போய் மண்ணைத் தள்ளி மூடினான். அட்டை வராததால் பள்ளம் நிறைவதும் பாதியாகக் குறைந்தது. இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம் இப்படிப் போயின. ஊரில் ஒருவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. பல்வலி நின்றுபோனால் பல்லை யார் நினைக்கிறார்கள்?

மூன்றாவது குளிர்காலத்தில், ஜனவரியில், காற்று எழுந்தது. காற்றளவில் ஒன்பது, பத்து என்று புயலாகவே அடித்தது. கப்பல் ரத்து, கப்பல் ரத்து என்று என் கதவில் தினமும் ஒரு காகிதம் ஒட்டினேன். பதினைந்து நாள். மளிகைக்கடையில் உருளைக்கிழங்கும் பருப்பும்தான் மிச்சம். பண்டிகைக்கு வந்த பெட்டிகள் எல்லாம் சேர்ந்து கிடங்கில் கட்டுகள் கூரை வரை ஏறியிருந்தன.

பதினான்காம் நாள் மழையும் சேர்ந்துகொண்டது. மதியம் காபிக்கடையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தோம். லெமோனியா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உள்ளே நுழைந்த காற்றில் சீட்டுகள் பறந்தன.

"கதவைச் சாத்து கரைக்காரி!" என்றான் மாந்தோஸ்.

சாத்தினாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "கிடங்குக் கூரை ஒழுகுது. தண்ணி தரையில ஓடுது. அடிக் கட்டெல்லாம் ஈரமாகுது. ஈரமானா ஆலையில வாங்கமாட்டாங்க. நாலு பேர் வந்தா ஒரு மணி நேரத்துல மரப்பலகை மேல தூக்கி வச்சிடலாம்."

ஸானிஸ் சீட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "இந்த மழையிலயா? நாளைக்குப் பாக்கலாம்மா. நனைஞ்சா நனையட்டும், பள்ளத்துல தள்ளிடலாம். அட்டைதானே."

"அட்டைதானே," என்றாள் அவளும். அதை ஒப்புக்கொண்டாளா, திருப்பிச் சொன்னாளா என்று தெரியவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னிடம் வந்தபோது நான் குனிந்து காபியைக் கலக்கினேன். அதில் சர்க்கரையே கிடையாது. பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வானிலைச் செய்தி வந்தது. காற்று குறைகிறது, நாளை மறுநாள் கப்பல் உண்டு. அதை அவளிடம் சொல்லலாம் என்று போனேன். உண்மையைச் சொன்னால், மதியத்திலிருந்து மனசு சரியில்லை. போக ஒரு காரணம் கிடைத்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. கிடங்குக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

பாதிக் கட்டுகளைப் பலகை மேல் ஏற்றியிருந்தாள். தனி ஆளாக, ஒரு கடப்பாரையால் நெம்பி நெம்பி. கட்டு ஒவ்வொன்றும் அறுபது கிலோவுக்குக் குறையாது. மேலிருந்து மூன்று கட்டு சரிந்து அவள் வலது காலின்மேல் விழுந்திருந்தது. மல்லாந்து கிடந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது.

"மணி என்ன?" என்று கேட்டாள்.

"அஞ்சே முக்கால்."

"அப்போ இப்படிக் கிடந்து மூணு மணி நேரம்."

நான் கட்டுகளைத் தள்ளினேன். ஒன்றுதான் நகர்ந்தது. ஆள் கூட்டிவருகிறேன் என்று எழுந்தபோது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்திப் பாத்தேன். இந்தக் காத்துல யாருக்குக் கேக்கும். அப்புறம் கத்தறதை விட்டுட்டு யோசிச்சேன். என்னைக் காணோம்னு முதல்ல யாருக்குத் தெரியும்? விரல் விட்டு எண்ணிப் பாத்தேன் யாக்கோவோஸ். கப்பல் வந்து ஆர்கிரிஸ் இறங்கினாதான் தெரியும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

நான் காபிக்கடைக்கு ஓடினேன். மதியம் எழாதவர்கள் இப்போது எல்லோரும் எழுந்தார்கள். மாந்தோஸ்தான் கட்டுகளைத் தூக்கினான். மீன் பெட்டி ஏற்றும் வண்டியில் அவளைப் படுக்கவைத்து அவனே தள்ளினான். டாக்டரம்மா கணுக்காலைப் பார்த்துவிட்டு, ரெண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, கரைக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று கட்டுப்போட்டு அனுப்பினார். மறுநாள் நானும் மாந்தோஸும் இன்னும் மூன்று பேரும் போய் மிச்சக் கட்டுகளைப் பலகைமேல் ஏற்றினோம். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கப்பல் வந்தபோது ஆர்கிரிஸ் அவளைத் தூக்கி லாரியில் தன் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்தான். பின்னால் அட்டைக் கட்டுகள். எட்டு கட்டு ஈரம் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள், அவற்றை விட்டுவிட்டோம். கப்பலின் கதவு தூக்கப்படும்போது கையசைத்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிடங்கைப் பூட்டினார்கள். அட்டை மறுபடி குப்பை வண்டிக்குப் போனது. வண்டிக்காரனுக்கு நல்ல தீனி கிடைத்தது. சனிக்கிழமை தீ வைத்தான். ஈஸ்டருக்கு முந்திய நோன்பு தொடங்கும் திங்கட்கிழமை ஊரே குன்றுக்குப் போய்ப் பட்டம் விடும் நாள். எள்ளு ரொட்டி, ஆலிவ், கணவாய் மீன் எல்லாம் விரித்து உட்கார்ந்திருந்தோம். வடக்குக் காற்று பட்டத்துக்கு நன்றாக இருந்தது. அதே காற்றில் மூன்று நாளாகப் புகைந்துகொண்டிருந்த பள்ளம் அப்படியே எங்கள்மேல் இறங்கியது. பட்டங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, நூல் மட்டும் கையில் இழுத்தது. மாந்தோஸின் சின்ன மகள் இருமி இருமி வாந்தி எடுத்தாள்.

அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டான்: "முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருபத்தாறு வருஷம்."

"அப்போ நாம எப்படிடா இருந்தோம்?"

மறுநாள் காலையில் ஸானிஸிடமிருந்து சாவியை அவன்தான் வாங்கி வந்தான். இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. முதல் கட்டு கட்டி முடிக்க அரை நாள் ஆனது. கம்பியைச் சரியாக முறுக்காததால் தூக்கும்போதே அவிழ்ந்து விழுந்தது. பிறகு கற்றுக்கொண்டோம். மருந்துக்கடைப் பெண்ணும் சேர்ந்தாள். முறைவைத்துச் செய்தோம். ஆர்கிரிஸ் ஏற்றிப் போனான். லெமோனியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "நடக்கிறா," என்பான். அதற்குமேல் சொல்லமாட்டான். எங்கள்மேல் அவனுக்குக் கோபம்.

அவள் மே மாதம் வந்தாள், கையில் ஒரு தடியோடு. நேராகக் கிடங்குக்குப் போனாள். நாங்கள் அடுக்கிவைத்திருந்த கட்டுகளைச் சுற்றிவந்தாள். ஒன்றில் கையை நுழைத்துப் பார்த்து, "இதுல மெழுகுத்தாள் கலந்திருக்கு. எடுத்துடுங்க," என்றாள். பிறகு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நான் முதன்முதலாகக் காபி போட்டுக் கொடுத்தது அன்றுதான்.

"ஆலைக்குப் போயிருந்தேன்," என்றாள். "ஆர்கிரிஸ் கூட்டிட்டுப் போனான். நம்ம கட்டை நானே கண்ணால பாத்தேன். ஒரு பெரிய தொட்டி, வீடு அகலத்துக்கு. உள்ள தண்ணி சுத்திக்கிட்டே இருக்கு. கட்டைத் தூக்கிப் போட்டாங்க. அரை மணி நேரம்கூட ஆகல, கஞ்சி மாதிரி ஆயிடுச்சு. கம்பியும் ஒட்டுநாடாவும் தனியா வந்துடுது. அந்தக் கஞ்சியை ஒரு வலைமேல பரப்பி, பிழிஞ்சு, உலர்த்தி, அந்தப் பக்கம் வரும்போது புதுத் தாள். கையால தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு."

"அதே அட்டையா?"

"அதேதான். ஆறேழு தடவை இப்படித் திரும்பத் திரும்ப ஆக்கலாமாம். அங்க ஒரு இஞ்சினியர் பொண்ணு சொல்லிச்சு: ஒரு டன் பழசு வந்தா பதினஞ்சு மரமாவது நிக்குமாம். மரத்தை வெட்டி வேகவச்சுத் தாள் பண்றதுக்கு ஆகுற தண்ணி, கரண்டு எல்லாமே இதுல குறைவாம். நாம ரெண்டு வருஷத்துல எவ்வளவு அனுப்பியிருக்கோம்னு கணக்குப் பாத்துச் சொல்லிச்சு. ஒரு சின்னக் காடே நிக்குது யாக்கோவோஸ். எங்க நிக்குதுன்னு தெரியாது. ஆனா நிக்குது." கோப்பையைக் கையில் எடுத்தாள். "ஸ்ட்ராத்திஸுக்கு இது தெரியாது. எரிச்சாதான் ஒழியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தாரு, பாவம். தண்ணியில போட்டாலே போதும்."

காபியைக் குடித்து முடித்துக் கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கு நீ ஏன் எந்திரிக்கல?"

அவளிடம் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நானும் எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்ததுதான். "மத்தவங்க எந்திரிக்கல," என்றேன்.

"ம். மத்தவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க," என்றாள். பிறகு, "நான் போறேன். ஆலையில வேலை இருக்குன்னாங்க. வாசல்ல நின்னு, வர்ற கட்டுல எது ஈரம், எது காஞ்சதுன்னு பாத்துச் சொல்லணும். அதுக்கு ஒரு மெஷின் வச்சிருக்காங்க. எனக்குக் கையால தொட்டாலே தெரியும்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிடுச்சு."

"முப்பது வருஷமா இங்க இருக்கீங்கக்கா. இப்பதான் எல்லாரும் கூட வந்திருக்கோம். மாந்தோஸ்கூட..."

"முப்பத்தொண்ணு. காலையில நான் கப்பல்ல இறங்கினப்போ மாந்தோஸ் தூரத்துலேர்ந்து கத்தினான், 'கரைக்காரி வந்துட்டா!'ன்னு. சந்தோஷமாத்தான் கத்தினான். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு." எழுந்து தடியை எடுத்துக்கொண்டாள். "ஆனா பேரு அதுதான் பாரு."

ஒரு வாரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாள். ஒரு வழி டிக்கெட். நானே கிழித்துக் கொடுத்தேன். இந்த முறை ஊரில் பாதிப் பேர் துறைமுகத்துக்கு வந்திருந்தார்கள். ஸானிஸ் ஏதோ பேசத் தயார்செய்து வந்தார். அதற்குள் கப்பல் ஊதிவிட்டது.

செப்டம்பரில் ஒருநாள் கடைத் தொலைபேசி அடித்தது.

"யாக்கோவோஸா? நேத்து வந்ததுல நாலு கட்டு ஈரம்."

வணக்கம் இல்லை, நலமா என்ற கேள்வி இல்லை.

"கப்பல்ல அலை தெறிச்சிருக்கும்க்கா. இனிமே தார்ப்பாய் போடறேன்."

"போடு. மீதி நல்லா இருக்கு. கம்பி முறுக்கு நல்லா இருந்துச்சு. யாரு கட்டினது?"

"நான்தான்."

"ம்."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உங்கள் வீட்டுத் திராட்சைக்கொடி படியெல்லாம் படர்ந்துவிட்டது, மணி ரெண்டானால் இப்போதும் படிக்கட்டுச் சந்துப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், சாயங்காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறேன் என்றெல்லாம் சொல்லலாம் என்று தோன்றியது.

"அங்க எப்படியிருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"சமவெளிதானே. காத்தே இல்ல," என்றாள். "ராத்திரியில ரொம்ப அமைதியா இருக்கு. தூக்கம் வரமாட்டேங்குது." அவளுக்குப் பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. "வண்டி வந்துடுச்சு. வைக்கிறேன்."

நான் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பயணி நாணயத்தால் கண்ணாடியைத் தட்டி, வோலோஸுக்கு ஒரு டிக்கெட் என்றான்.